நோலன் டுடாஷுக்காக ஒப்புக்கொடுத்த பூசை

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாட்குறிப்பிலிருந்து. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “மீன் கருகியது. கோரின் வெளியே போனார். வீடு வரும்வரை அப்பா ரேடியோ போடவில்லை.”

பகலில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் கல்லூரியில் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் சொன்னார்கள்: நீங்கள் நேரில் இருந்த ஒரு வாக்குவாதத்தை எழுதுங்கள், அதில் யாராவது ஒருவருக்கு எதையாவது இழக்க நேரிட வேண்டும். நாட்குறிப்பைப் புரட்டினேன். அந்த மூன்று வாக்கியங்களில் நின்றேன். அவற்றை விரித்தால் கதையாகிவிடும் என்று நினைத்தேன். விரித்துக்கொண்டே இருக்கிறேன். கதையாகிவிட்டதா என்று தெரியவில்லை.

2

தொடக்கம் அ: “ஏப்ரலில் ஏரியின் மேல் பனி உருகத் தொடங்கும்போது எங்கள் ஊரில் நம்பிக்கையும் மெல்ல—”

[நிறுத்திவிட்டேன். பனி உருகுவதைப் பார்க்க நான் ஒரு வருடமும் ஏரிக்குப் போனதில்லை. போகாத இடத்தில் கதையைத் தொடங்குவது சரியல்ல.]

தொடக்கம் ஆ: “எங்கள் அணி தோற்பதில் பெயர் பெற்றது.”

[உண்மை. ஆனால் அணியின் பெயரை எழுத வேண்டிவரும். எழுதினால் சிரிப்பீர்கள். ஓஹாயோவில், ஏரிக்குத் தெற்கே என்று மட்டும் சொல்கிறேன். மீதியை அறிந்தவர்கள் எங்களுக்காக இரங்கட்டும்.]

தொடக்கம் இ:

“கை சின்னது” என்றார் ஸ்டாஷ், மாவு அப்பிய தன் கையை விரித்துக் காட்டியபடி. “நோலனுக்கு கை சின்னதுடி. டிசம்பர் மாசம் ஏரிக்காத்தும் மழையுமா அடிக்கும்போது பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.”

“நீ போயி அளந்தியா?” என்றார் மார்ஜ்.

“டிவியில அளந்தாங்க.”

“உன் மூளையையும் அளக்கச் சொல்லு. எதுல கம்மின்னு தெரியும்.”

இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்துச் சமையலறை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பங்கு மக்களுக்கு அங்கே மீன் வறுவல் விருந்து. ஸ்டாஷும் மார்ஜும் நானும் நீள மேசையில் நின்று பியரோகி மடிப்போம். மாவு வட்டத்துக்குள் உருளைக்கிழங்கை வைத்து, விளிம்பை விரலால் அழுத்தி மூட வேண்டும். அப்பா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வார். அவர் பெயர் லென். எங்களுக்கு முதுகைக் காட்டியே நிற்பார். மேசையில் நான்காவது இடம் கோரின் டுடாஷுடையது. அன்று அவர் வரவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்.

அவர் இல்லாததால்தான் அவர் மகனைப் பற்றி அவ்வளவு தாராளமாகப் பேச முடிந்தது.

நோலன் கல்லூரியில் குவாட்டர்பேக்.* ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். கல்லூரி முடிக்கும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டு எடுத்துக்கொள்ளும் நாள் அது. போன பருவத்தில் யார் மோசமாக ஆடினார்களோ அவர்களுக்கு முதல் முறை. ஆகவே நாங்கள் எப்போதும் வரிசையின் முன்னால்தான் இருப்போம்.

(* அமெரிக்கக் கால்பந்தில் பந்து முதலில் இவன் கைக்குத்தான் வரும். யாரிடம் எறிவது என்று இவன் முடிவு செய்வதற்குள் எதிரணி இவனை மண்ணில் சாய்க்க ஓடிவரும். வென்றால் ஊரே இவன் பெயரைச் சொல்லும். தோற்றாலும் இவன் பெயரைத்தான் சொல்லும்.)

“கை சின்னதுன்னா வேண்டாம்னு சொல்றியா?” என்று மார்ஜ் விடவில்லை.

“யாரு சொன்னா? எடுக்கணும்ங்கறேன்! நம்ம தெருப் புள்ள. என் வேன் கண்ணாடிய உடைச்ச அதே கை. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு உருப்படியான குவாட்டர்பேக்க பாத்துடணும்டி. அது நம்ம நோலனா இருந்தா, அப்புறம் சவப்பெட்டிய தாராளமா மூடிக்கலாம்.”

“நம்ம புள்ளைங்கிறதாலதான்டா நான் வேண்டாம்ங்கறேன்.” மார்ஜ் கையிலிருந்ததை வைத்துவிட்டார். “யோசிச்சுப் பாரு. நம்ம டீமுக்கு வந்து எந்தப் பையன் முழுசா திரும்பிப் போயிருக்கான்? அவனுக்கு முன்னாடி தடுத்து நிக்க வேண்டிய அஞ்சு பேரும் கோயில் கதவு மாதிரி. யாரு வந்தாலும் தொறந்து விட்டுருவானுங்க. ஏற்கெனவே தோள்ல கத்தி வெச்ச புள்ள. வாரா வாரம் தூக்கி அடிப்பாங்க. அப்புறம் ஒரு நாள் டிவிக்காரன் ‘என்ன ஆச்சு டுடாஷுக்கு’ன்னு கேப்பான். கலிஃபோர்னியா போகட்டும்டா. வெயில்ல ஆடட்டும்.”

ஸ்டாஷ் இரண்டு பியரோகி மடித்தார்.

“அடிப்பாவி” என்றார் பிறகு. “நீ சொல்றது சரிதான்டி.”

“லென், நீ என்ன சொல்ற?” என்று மார்ஜ் கூப்பிட்டுக் கேட்டார்.

“மீன் ரெடி” என்றார் அப்பா.

3

ஸ்டாஷைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வகுப்பில் இதுவரை எழுதியதைப் படித்தபோது அவர் வாயைத் திறந்த இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பேருந்தில் திரும்பும்போது சங்கடமாக இருந்தது. அவரை நான் கோமாளியாக்குகிறேனா? நேரில் அவர் இந்த அளவு வேடிக்கையானவர் இல்லை. [சவப்பெட்டி வரி நான் சேர்த்தது. நீக்க மனம் வரவில்லை.]

ஈடுசெய்ய இதைச் சொல்கிறேன். ஸ்டாஷ் கூரை வேலைக்காரர். கோரினின் கணவர் வேறு ஊருக்கு, வேறு வீட்டுக்குப் போய்விட்ட கோடையில், யாரும் கேட்காமலே ஏணியோடு வந்து அவர்கள் கூரையை மாற்றிக் கொடுத்தார். சிறுவன் நோலன் முற்றத்தில் நின்று தண்ணீர்ப் புட்டியை மேலே எறிவான். கூரை உச்சியில் குனிந்திருக்கும் ஸ்டாஷின் கைக்கு நேராக அது போய்ச் சேரும். நானும் பக்கத்து வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஸ்டாஷுக்குத் தாகம் எடுத்ததோ இல்லையோ, அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனவே அடுத்து வருகிற காரியத்தைச் செய்தவர் இந்த ஸ்டாஷ் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

4

எங்கள் பங்கில் யாருக்காக வேண்டுமானாலும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். இறந்தவர்களுக்காக, அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்காக, வேலை தேடுகிறவர்களுக்காக. வரப்போகும் வாரங்களில் எந்த நாள், யாருக்காக, கேட்டவர் யார் என்று ஞாயிற்றுக்கிழமைப் பங்கு மடலில் அச்சாகும். மடலைத் தட்டச்சு செய்பவர் மார்ஜ்; அந்த வாரம் அவரிடம் ஒரு பூசை கேட்டு எழுதிக் கொடுத்தவர் ஸ்டாஷ்.

அந்த ஞாயிறு வந்த மடலில், வழக்கமான பெயர்களுக்கு நடுவே, டிராஃப்ட் நாளுக்கு எதிரே இப்படி இருந்தது:

“ஏப்ரல் கடைசி வியாழன் காலை: நோலன் டுடாஷ் நம் அணியிடம் அகப்படாமல் காக்கப்பட. வேண்டுவோர், மீன் வறுவல் குழுவினர்.”

வெளியூர்க்காரர் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. பிள்ளைக்காக அஞ்ச வேண்டும், அணியை விடவும் கூடாது, இரண்டையும் பூசையில் கொண்டுபோய் வைக்கவும் வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் ஒரே காரியம். கோயிலில் பாதிப் பேர் மடலைப் படித்துவிட்டு ஆமென் என்பதுபோலத் தலையாட்டினார்கள். கோரினும் படித்துச் சிரிப்பார் என்றுதான் மார்ஜ் நினைத்தாராம்.

கோரின் எனக்கு முன் வரிசையில் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. [முதல் வரைவில் “அவர் கண்கள் கலங்கின” என்று எழுதியிருந்தேன். பின்னாலிருந்து எப்படித் தெரியும்?] மடலை மூடியதைப் பார்த்தேன். பிறகு திறந்து, அதே பக்கத்தை மறுபடி படித்ததைப் பார்த்தேன். பூசை முடிந்து காப்பிக்கு அவர் நிற்கவில்லை.

5

அந்த வெள்ளிக்கிழமை கோரின் சமையலறைக்கு வந்தார். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தன் இடத்தில் நின்றார். ஒரு தட்டு நிறைய மடித்தார்.

“என் புள்ள ஊருக்கு வரக்கூடாதுன்னு பூசை வெச்சிருக்கீங்களாமே” என்றார், கையை நிறுத்தாமல்.

“ஊருக்குன்னு இல்ல கோரின்” என்றார் ஸ்டாஷ். “டீமுக்கு...”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் பிளேன் ஏற மாட்டேன், உங்களுக்கே தெரியும். காலேஜ்ல ஆடின அத்தனை ஆட்டத்துக்கும் கார் ஓட்டிக்கிட்டுப் போனேன். சியாட்டல்காரன் எடுத்துக்கிட்டான்னா? வாரக் கடைசியில கார்ல போயிட்டு வர்ற தூரமா அது? டிவியில காட்டுறது ஹெல்மெட்டுதான். உள்ள என்ன முகத்தோட இருக்கான்னு எனக்கு யாரு சொல்லுவா?”

“பாசத்துலதான் செஞ்சோம்” என்றார் மார்ஜ். “அவன் அடிபடக் கூடாதேன்னு...”

“தெரியும் மார்ஜ். ஆனா மீன் வறுவல் குழுன்னு போட்டிருக்கே. நானும் குழுவுலதானே இருக்கேன்? என் பேரையும் சேத்தே என் புள்ளைய விரட்டிட்டீங்களே.”

ஸ்டாஷ் மாவு உருட்டும் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கோரின் விஷயத்தைச் சொன்னார். எங்கள் அணி நோலனை நேரில் பார்க்க அழைத்திருந்தது. தோளைப் பரிசோதிப்பார்கள், பேசிப் பார்ப்பார்கள், பிடித்தால் டிராஃப்டில் எடுப்பார்கள். நோலனின் ஏஜெண்ட், போகாதே, தோள் வலி என்று சொல்லிவிடு, அவர்களாகவே விட்டுவிடுவார்கள் என்கிறாராம். நோலன் அம்மாவைக் கேட்டிருக்கிறான். நீ சொல்கிறபடி செய்கிறேன் என்கிறானாம். அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“போன்னு சொன்னா என் சுயநலம். போகாதன்னு சொன்னா நானே அவன தூரமா அனுப்பின மாதிரி.” கோரின் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பினார். “லென். நீ மட்டும்தான் இதுல வாயே திறக்கல. என் இடத்துல இருந்தா நீ என்ன சொல்லுவ?”

6

இந்த இடத்தில்தான் கதை நின்றுபோனது. மூன்று செவ்வாய்கள் இதைத் தாண்ட முடியவில்லை.

முதல் வரைவில் அப்பா ஒரு பேச்சே பேசினார். வேர், மண், சொந்த ஊர் என்றெல்லாம் வந்தது. மிக நன்றாக இருந்தது. படித்துப் பார்த்தேன். அப்பா வாழ்நாளில் “வேர்” என்று சொன்னது பல் வைத்தியரிடம் மட்டும்தான். எடுத்துவிட்டேன்.

அவர் உண்மையில் சொன்னது இது. திரும்பிப் பார்க்காமல், சட்டியைப் பார்த்தபடி சொன்னார்:

“நான் கத்துவேன் கோரின்.”

“என்ன?”

“இங்க வந்தான்னா. அரங்கத்துல நம்ம சீட்டு எங்க இருக்குன்னு தெரியும்ல. மூணாவது தடவ பந்த எதிராளி கையில குடுத்தான்னா நான் எந்திரிச்சு நின்னு அவனைத் திட்டி ஊ-ன்னு கத்துவேன். நோலன்னு தெரிஞ்சேதான் கத்துவேன். இத்தனை வருஷமா கத்திக் கத்தி அது தானா வருது. உள்ளேயிருந்து வருது. வராதுன்னு உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அதான் வாயத் திறக்கல.”

“நான் உன் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தாலும்?”

அப்பா இப்போது திரும்பினார்.

“கத்துவேன்” என்றார். “கத்திட்டு, அப்புறம் உன்னைப் பாப்பேன்.”

கோரின் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதுபோலக் கேட்டார்:

“நீ இதுவரைக்கும் கத்தின பசங்களுக்கும் அம்மா இருந்திருப்பாங்கல்ல லென்? டெக்ஸஸ்ல, ஜார்ஜியாவுல, எங்கயாவது ஒரு டிவி முன்னாடி உக்காந்திருப்பாங்கல்ல? அவங்களுக்கும் கேட்டிருக்கும்ல?”

மீன் கருகியது அப்போதுதான். புகை வரும்வரை யாரும் கவனிக்கவில்லை. பதினாறு வருடமாக அந்தச் சட்டியைப் பார்த்துக்கொள்கிற மனிதர் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

[இந்தப் பகுதியை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“நான் இவ்வளவு பேசல டெஸ்.”

“எதுப்பா பேசல?”

“‘அப்புறம் உன்னைப் பாப்பேன்’னு நான் சொல்லல.”

“எடுத்துடவா?”

தாளைத் திருப்பிக் கொடுத்தார். “சொல்லல. ஆனா அங்க நின்னு அததான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உனக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. வரியை வைத்திருக்கிறேன்.]

7

கோரின் கைபேசியோடு வெளியே போனார். கருகிய மீனைக் கொட்ட நான் பின்னாலேயே போனேன். கேட்க வேண்டும் என்று போகவில்லை. [கேட்க வேண்டும் என்றும்தான் போனேன்.] வாகன நிறுத்தத்தில் காற்று அடித்தது. நோலன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கோரின் பேசியதில் பாதிதான் கேட்டது. மீதியை அவர் தோள்களைப் பார்த்து ஊகித்தேன். எது கேட்டது, எது ஊகம் என்று பிரித்துக் காட்ட முயன்றேன். இப்போது எனக்கே பிரியவில்லை.

“போயிட்டு வாப்பா... இல்ல, நீ கேளு முதல்ல. தோளக் காட்டு. வலிக்குதான்னு கேட்டா வலிக்கிறப்ப வலிக்குதுன்னு சொல்லு. பொய் சொல்லி ஒரு இடத்துக்குப் போகாத, பொய் சொல்லி ஒரு இடத்துலருந்து தப்பிக்கவும் வேண்டாம்... எனக்காக இங்க வராத நோலன். எனக்காக வராமயும் இருக்காத. எனக்கு என்ன, நான் பஸ் ஓட்டுறவ. தேவைன்னா சியாட்டலுக்கும் ஓட்டுவேன்... அழல. காத்து.”

அப்புறம் நீண்ட நேரம் அவன் பேசினான். அவர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“இங்கதான் எல்லாரும் இருக்காங்க” என்றார். “ஆமா, ஸ்டாஷும்தான். ஆமா, பூசைக்காரங்கதான். சொல்றேன்.”

உள்ளே வந்தார். கை கழுவினார். மேசையைப் பார்த்தார்.

“மாவு காய்ஞ்சு கெடக்கு. எவன் இத மூடாம வெச்சது?”

“நான்தான்” என்றார் ஸ்டாஷ்.

“வேற யாரு. நோலன் உன்ன தண்ணி குடிக்கச் சொன்னான்.”

ஸ்டாஷ் திரும்பி நின்றுகொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இந்தத் தடவை ஊகிக்கவும் இல்லை.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது மார்ஜ், அந்தப் பூசையை ரத்து செய்துவிடுகிறேன் என்றார். கோரின் வேண்டாம் என்றார். ஒப்புக்கொடுத்த பூசையை எடுக்கக் கூடாது, வேண்டுதலை மாற்றினால் போதும். எப்படி மாற்றுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா தட்டுகளைத் துடைத்து அடுக்கிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: “இந்த டீமுக்காகப் பந்து எறிஞ்ச எல்லாப் பசங்களுக்காகவும்னு போடு. அவங்களப் பெத்தவங்களுக்காகவும். கீழ என் பேரப் போடு.”

“எல்லார் பேரையும் படிச்சா சாமியாரு மதியானம் வரைக்கும் நிக்கணும்டா” என்றார் ஸ்டாஷ்.

வண்டியில் வீடு திரும்பும்போது அப்பா ரேடியோ போடவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் ரேடியோவில் யார் வேண்டுமானாலும் அழைத்து, குவாட்டர்பேக்குகளைத் திட்டலாம்.

8

முடிவு எழுத வேண்டும்.

நோலன் போய் அணிக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தான். அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனான். அணிக்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதையை நான் செவ்வாய்க்கிழமை வகுப்பில் கொடுக்க வேண்டும். டிராஃப்ட் வியாழக்கிழமை. எனக்கு வாய்த்த நாட்காட்டி அப்படி.

ஆனாலும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: எங்கள் அணி நோலனை எடுக்கிறது. கோயில் கீழ்த்தளமே அதிர்கிறது. மார்ஜ் மகிழ்ச்சியில் அழுகிறார், அடுத்த நிமிடம் பயத்தில் அழுகிறார். [இது நடக்கலாம். நடந்தால் இதைவிடச் சத்தமாக இருக்கும்.]

முடிவு இரண்டு: சியாட்டல் எடுக்கிறது. ஸ்டாஷின் வேனில் கோரினும் அப்பாவும் மலைகளையெல்லாம் தாண்டிப் போகிறார்கள். வழி நெடுக யார் ஓட்டுவது என்று சண்டை— [வேன் பக்கத்து மாநிலமான இண்டியானாவையே தாண்டாது.]

முடிவு மூன்று: யாரும் எடுக்கவில்லை. நோலன் ஊர் திரும்பிப் பள்ளியில்— [இதை எழுதும்போதே கை கூசியது. எழுத்தில் கூட நான் அவனுக்கு இதைச் செய்ய மாட்டேன்.]

நேற்று மாலை கோரினைப் போய்ப் பார்த்தேன். நிறுத்திய பேருந்துக்குள் இருக்கைகளுக்கு இடையே கூட்டிக்கொண்டிருந்தார். எழுதியதில் அவரைப் பற்றிய பகுதிகளைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் துடைப்பத்தின் மேல் சாய்ந்து நின்று கேட்டார்.

“எப்படி முடிக்கட்டும் அத்தை?”

“முடிக்காதடி. முன்னாடியே எழுதி வெச்சா நடக்காது.” கொஞ்சம் கூட்டினார். மறுபடி நின்றார். “எந்த ஊரா இருந்தாலும் ஒண்ணு நடக்கும், அது நிச்சயம். முத ஆட்டத்துல அவன் எறியிற ஒரு பந்து கீழ விழும். எல்லாப் பசங்களுக்கும் விழும். அத நினைச்சு எனக்குப் பயமில்ல. அதுக்கப்புறம் ஒரு நொடி இருக்கு பாரு, கூட்டம் என்ன செய்யலாம்னு யோசிக்கிற நொடி. அதத் தாண்டி என்னன்னு நான் எப்படிச் சொல்ல? நீயும் சொல்ல முடியாது. அங்க உக்காந்திருக்கிறவங்கதான் சொல்லணும்.”

ஆகவே இந்தக் கதையை அந்த நொடிவரை மட்டும் கொண்டுவந்து வைக்கிறேன்.

செப்டம்பர். உங்கள் ஊராகவும் இருக்கலாம். நீங்கள் காசு கொடுத்து வந்திருக்கிறீர்கள், போன பருவமெல்லாம் தோற்றுப் பொறுத்திருக்கிறீர்கள், தட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதுகில் டுடாஷ் என்று எழுதியிருக்கும் புதுப் பையன் கையைப் பின்னால் இழுத்து எறிகிறான். பந்து யார் கைக்கும் போகாமல் புல்லில் விழுந்து உருள்கிறது. அவன் ஹெல்மெட்டுக்குள் என்ன முகத்தோடு இருக்கிறான் என்று உங்கள் இருக்கையிலிருந்து தெரியாது. அரங்கம் முழுவதும் மூச்சை இழுக்கிறது. நீங்களும் இழுத்துவிட்டீர்கள்.

இனி அது உங்கள் மூச்சு.